கைத்துப்பாக்கித் தோட்டாவில் இயங்கும் கார்பைன்கள்: சிக்கலைக் கண்டறிந்து நீக்கும் முறை

கைத்துப்பாக்கிக்கென உருவான தோட்டாவை நீண்ட பேரலும் தோளில் ஊன்றும் கட்டையும் கொண்ட கார்பைனில் பயன்படுத்தும்போது எழும் கோளாறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டியான மேகசின் தோட்டாவை மேலே தூக்கி நிறுத்தும் நொடியும், முன்னோக்கி வரும் போல்ட் (பேரலின் பின்புறத்தை அடைக்கும் உலோகக் கட்டை) அதைத் தள்ளிச் செல்லும் நொடியும் பொருந்தி வர வேண்டும். இவ்விரண்டில் ஒன்று முந்தினாலும் பிந்தினாலும் தோட்டா நடுவழியில் நின்றுவிடுகிறது. ஆகவே சிக்கல் நேர்ந்தவுடன் புதிய ஸ்பிரிங்கையோ, பின்னே வரும் போல்ட்டின் மோதலைத் தாங்கும் புதிய பஃபரையோ வாங்க முனைவதற்கு முன்னால், தோட்டா எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் நின்றது என்பதைப் பார்த்து வைத்துக்கொள்வதே பாதி வேலையை முடித்துவிடும்.

இவ்வகைக் கார்பைன்களில் கணிசமானவை எளிய புளோபேக் முறையில் இயங்குபவை. சுடும் நேரத்தில் போல்ட் பேரலோடு பூட்டப்படுவதில்லை. அதன் எடையும் பின்னாலுள்ள ஸ்பிரிங்கின் விசையும் மட்டுமே, அழுத்தம் தணியும் வரை உறையை (தோட்டாவின் மருந்தைக் கொண்ட உலோகக் குழல்) சேம்பருக்குள் (பேரலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) நிறுத்தி வைக்கின்றன. எம்பி5 துப்பாக்கியைப் போல் போல்ட் திறப்பதை உருளைகளால் தாமதப்படுத்தும் முறையும், சிக் எம்பிஎக்ஸ் போன்ற வாயு முறையும் வேறு வகையைச் சேர்ந்தவை என்றாலும், மேகசினைப் பற்றியும் தோட்டாவைப் பற்றியும் இங்கே சொல்லப்படுபவை அவற்றுக்கும் பொருந்தும்.

தொடங்கும் முன்

சிக்கிய துப்பாக்கியை, அதில் தோட்டா இருக்கிறது என்ற எண்ணத்துடனேயே கையாள வேண்டும். முனையைப் பாதுகாப்பான திசையிலிருந்து அகற்றாமல், விரலை ட்ரிகருக்கு வெளியே வைத்து, முதலில் மேகசினைக் கழற்றி, பிறகு போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் சரிபார்க்க வேண்டும். ட்ரிகரை அழுத்தியும் வெடிக்காத தோட்டா என்றால், தாமதித்து வெடிக்கும் வாய்ப்பு இருப்பதால், முனையை இலக்கின் திசையிலேயே வைத்து அரை நிமிடமாவது காத்திருந்த பின்னரே போல்ட்டைத் தொட வேண்டும். மேசையில் அமர்ந்து சோதிக்கும் வேலை அனைத்தும் மருந்தில்லாத டம்மி தோட்டாக்களைக் கொண்டே நடக்க வேண்டும். அந்த அறையில் உண்மைத் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. இதில் எந்த விதிவிலக்கும் இல்லை.

எந்தச் சிக்கலானாலும் முதலில் மேகசின்

மேகசின்கள் ஒவ்வொன்றின் அடித்தட்டிலும் பெயிண்ட் பேனாவால் ஓர் எண்ணை எழுதிவிடுங்கள். ஒவ்வொரு தடங்கலின் போதும் எந்த எண்ணுள்ள மேகசின் பொருத்தப்பட்டிருந்தது, அதில் எத்தனையாவது தோட்டா நின்றது என்ற இரண்டை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். தடங்கல்கள் ஒரே மேகசினில் திரும்பத் திரும்ப வந்தால் துப்பாக்கியைப் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையே எழாது. எல்லா மேகசின்களிலும் பரவலாக வந்தால் மட்டுமே கவனம் போல்ட், சேம்பர், தோட்டா ஆகியவற்றின் பக்கம் திரும்ப வேண்டும்.

மேகசினுக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்கு வலுவான காரணம் உண்டு. 9×19 தோட்டாவின் உறை நேரான உருளை அன்று, அடியில் 9.93 மிமீ விட்டமும் வாயில் 9.65 மிமீ விட்டமும் கொண்டு மேல்நோக்கிச் சற்றே குறுகுவது. இத்தகைய தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடுக்கு தானாகவே வளைகிறது. எம்பி5-இன் நேரான மேகசினுக்குப் பதிலாக 1970-களில் வளைந்த மேகசின் வந்ததும், ஸ்டெர்லிங் துணை இயந்திரத் துப்பாக்கியின் மேகசின் வளைந்திருப்பதும் இதனால்தான். நேரான குழாய்க்குள் இதே தோட்டாவை நிறையத் திணிக்கும்போது, அடுக்கின் வளைவு சுவர்களோடு உராய்ந்து ஸ்பிரிங்கின் விசையைத் தின்றுவிடுகிறது.

இன்னொரு வேறுபாடும் கவனிக்கத்தக்கது. கைத்துப்பாக்கி மேகசின்களில் இரண்டு வரிசையாக நிற்கும் தோட்டாக்கள் மேலே வரும்போது ஒரே வரிசையாகக் குவிந்து, நடுவிலிருந்து புறப்படுகின்றன. உசி (Uzi), ஸ்டெர்லிங் போன்ற துப்பாக்கிகளின் மேகசின்களிலோ இடமும் வலமுமாக மாறி மாறிப் புறப்படுகின்றன. இரண்டு வரிசை ஒன்றாகக் குவியும் அந்தக் கழுத்துப் பகுதியில்தான் உராய்வு மிகுதி. அங்கே சேரும் கரியும் மணலும் தோட்டாவின் எழுச்சியைத் தடுத்துவிடுகின்றன. இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட ஸ்டென் துப்பாக்கி அடிக்கடி சிக்கியதற்கு இந்தக் குவியும் வகை மேகசின் முக்கியக் காரணம். 32 தோட்டா கொள்ளும் அதில் சிலவற்றைக் குறைத்தே நிரப்பும் பழக்கம் அதனால் வந்தது. அதன் இடத்தைப் பிடித்த ஸ்டெர்லிங்கில் இடவலப் புறப்பாட்டோடு, உராய்வைக் குறைக்க, தோட்டாக்களை மேலே தள்ளும் தட்டான ஃபாலோயரில் உருளைகளும் பொருத்தப்பட்டன. இன்று உங்கள் கார்பைன் கைத்துப்பாக்கி மேகசினை ஏற்கும் வகை என்றால், ஸ்டெனின் அந்தப் பழைய குறையில் ஒரு பங்கு அதற்கும் உண்டு என்று கொண்டு, கழுத்துப் பகுதியைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும்.

மேகசினைப் பிரித்து உள்சுவரை உலர்ந்த துணியால் துடையுங்கள். உள்ளே எண்ணெய் விடக் கூடாது. எண்ணெய் தூசியைப் பிடித்து வைப்பதோடு, தோட்டாவின் அடியிலிருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரையும் கெடுக்கக் கூடும். ஃபாலோயரை விரலால் அழுத்தி விட்டால் அது எங்கும் தயங்காமலும் ஒரு பக்கம் சாயாமலும் ஒரே வீச்சில் மேலே வர வேண்டும். மேல்விளிம்புகளின் இடைவெளியை, நன்றாக வேலை செய்யும் மற்றொரு மேகசினோடு காலிப்பரால் ஒப்பிடுங்கள். விரிசலோ விரிவோ தென்பட்டால் அந்த மேகசினை ஒதுக்கிவிடுவதே நல்லது. இடுக்கியால் விளிம்புகளை வளைத்துச் சரிசெய்வது பல நேரங்களில் புதிய கோளாறுக்கே வழிவகுக்கிறது. துப்பாக்கியைத் தயாரித்தவர் தராத, கூடுதல் கொள்ளளவுள்ள மேகசின்கள் மீது எனக்கு நம்பிக்கை குறைவு. சோதனையை எப்போதும் தயாரிப்பாளரின் மேகசினைக் கொண்டே தொடங்குங்கள்.

போல்ட் மூடிவிட்டது, ஆனால் சேம்பர் காலி

போல்ட் தோட்டாவைத் தொடாமலே அதன் மேலாகக் கடந்து சென்றுவிட்டது என்பதே இதன் பொருள். முதல் தோட்டாவிலேயே இது நேர்ந்தால் மேகசின் முழுமையாக உட்காரவில்லை என்று கொள்ளலாம். முழுவதும் நிரப்பிய மேகசினை, போல்ட் மூடியிருக்கும் நிலையில் பொருத்தும்போது மேல்தோட்டா போல்ட்டின் அடிப்பரப்பில் இடித்து நிற்கும்; கொக்கி பிடித்தது போன்ற ஓசை கேட்டாலும் பிடித்திருக்காது. மேகசினைப் பொருத்திய பின் கீழ்நோக்கி ஒருமுறை இழுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஒரு தோட்டா குறைவாக நிரப்பினால் சிக்கல் மறைகிறதா என்பதையும் பாருங்கள்.

நடுவில், சுட்டுக்கொண்டிருக்கும்போது நேர்ந்தால் இரண்டு எதிரெதிர்க் காரணங்கள் உண்டு. அவற்றைப் பிரித்தறிவதற்கு வெளியேறிய உறைகள் உதவும். உறைகள் அருகிலேயே சோர்வாக விழுந்து கிடந்தால், போல்ட் போதிய தூரம் பின்னே செல்லவில்லை. வலுக்குறைந்த தோட்டா, மிகக் கனமான பஃபர், கெட்டியாகிப்போன எண்ணெய் ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். மாறாக, உறைகள் வெகுதூரம் பறந்து, வாய் நசுங்கியும் பக்கவாட்டில் பள்ளம் விழுந்தும் கிடந்தால், போல்ட் தேவைக்கு மேல் வேகமாக ஓடுகிறது. மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவைத் தூக்கி நிறுத்துவதற்குள் போல்ட் திரும்பி வந்துவிடுகிறது. முதல் நிலைக்குத் தரும் மருந்தை இரண்டாவதற்குத் தந்தால் கோளாறு முற்றும். ஆகவே தரையில் கிடக்கும் உறைகளைப் பொறுக்கிப் பார்க்காமல் பஃபரின் எடையை மாற்றக் கூடாது.

குண்டின் முனை கீழே இடித்து நிற்கிறது

தோட்டாவின் பின்பாகம் மேலே எழுந்து, முனை மட்டும் கீழ்நோக்கிச் சரிந்து, சேம்பருக்கு முன்னுள்ள சாய்தளத்தின் அடியிலோ மேகசினின் முன்சுவரிலோ மோதி நிற்கும். அந்தத் தோட்டாவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: குண்டின் முனையில் பிறை வடிவத்தில் ஓர் அழுத்தத் தடம் விழுந்திருக்கும். அதே உயரத்தில் சாய்தளத்தில் செம்பு நிறப் பூச்சு ஒட்டியிருக்கும். மோதிய இடத்தை இந்த இரண்டு தடங்களும் ஐயத்திற்கிடமின்றிக் காட்டிவிடும். சாய்தளத்தில் மார்க்கர் மையைப் பூசி, டம்மி தோட்டாவைக் கையால் மெதுவாக ஏற்றிப் பார்த்தால் அது இன்னும் தெளிவாகும்.

தடம் சாய்தளத்தின் நடுப்பகுதிக்கு மேல் இருந்தால் கவலையில்லை. சாய்தளத்தின் கீழ்விளிம்பிலோ அதற்கும் கீழோ இருந்தால் மேகசின் தாழ்வாக நிற்கிறது. ஏஆர்-15 ரைஃபிளின் வடிவமைப்பில் அமைந்த 9 மிமீ கார்பைன்களில் இது அடிக்கடி காணப்படுவது. அங்கே மேகசினைப் பிடிக்கும் கொக்கியும், அது விழும் வெட்டும், மேகசின் கூடும் வெவ்வேறு தயாரிப்பாளரிடமிருந்து வந்திருக்கக் கூடும். பொருத்திய மேகசினை விரலால் மேல்நோக்கி அழுத்திப் பிடித்து டம்மி தோட்டாக்களை ஏற்றும்போது சிக்கல் மறைந்தால், பழுது கொக்கியின் உயரத்தில்தான் இருக்கிறது. சுடும்போது கையால் மேகசினைப் பிடித்து முன்னும் பின்னும் இழுக்கும் பழக்கமும் இதே விளைவைத் தரும் என்பதால், அதையும் விட்டுப் பார்க்க வேண்டும்.

மேகசினின் கடைசி சில தோட்டாக்களில் மட்டும் முனை சரிந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று பொருள்; அந்த நிலையில்தான் ஸ்பிரிங்கின் விசை மிகக் குறைவு. முழுதாக நிரப்பிய மேகசினின் முதல் சில தோட்டாக்களில் மட்டும் நேர்ந்தால், உராய்வு மிகுந்து தோட்டா நகரத் தயங்குகிறது.

குண்டின் வடிவத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். உருண்டை முனையுள்ள, உலோகப் போர்வை முழுதும் மூடிய குண்டு எளிதில் ஏறும்; அகன்ற வாயுள்ள குழிமுனைக் குண்டும் தட்டை முனைக் குண்டும் சாய்தளத்தின் குறையை உடனே வெளிக்காட்டும். உருண்டை முனை ஏறி, குழிமுனை மட்டும் நின்றால், குழிமுனையிலேயே வேறு வடிவத்தை முயன்று பார்ப்பது அறிவுடைமை. சாய்தளத்தை அரத்தாலோ சுழலும் கருவியாலோ தேய்ப்பது கூடவே கூடாது. சாய்தளம் சேம்பருக்குள் ஆழமாக வெட்டப்பட்டால் உறையின் அடிப்பகுதி தாங்கலின்றி நின்று, சுடும்போது வெடித்துவிடும்.

முனை மேலே நோக்கி நிற்கிறது

இது முந்தையதை விட அரிது. மேல்விளிம்புகள் விரிந்து தோட்டாவை உரிய நேரத்திற்கு முன்பே விட்டுவிடுவதால் நேர்வது. மேகசினை மாற்றுவதைத் தவிர வேறு மருந்தில்லை.

போல்ட் கடைசி ஒரு மில்லிமீட்டர் மூடவில்லை

போல்ட்டை உள்ளங்கையால் தட்டி மூட வைத்து அப்படியே சுடுவது பலரிடம் காணப்படும் பழக்கம். அதை விட்டுவிட வேண்டும்; புளோபேக் துப்பாக்கியில் முழுமையாக மூடாத போல்ட் என்பது, உறையின் ஒரு பகுதி தாங்கலின்றி வெளியே நிற்கிறது என்பதற்கு ஒப்பானது. தட்டுவதற்குப் பதில் தோட்டாவை வெளியே எடுத்து அளந்து பாருங்கள்.

9×19 தோட்டாவின் முழு நீளம் 29.69 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது தரநிலை. அந்த எல்லைக்குள் இருந்தும்கூடக் குண்டின் வடிவம் பருத்திருந்தால், சில பேரல்களில் அது உட்சுவரிலுள்ள வரிப்பள்ளங்களின் தொடக்கத்தில் முட்டி நிற்கும். குண்டின் பக்கவாட்டில் சம இடைவெளியில் கீறல்கள் தெரிந்தால் காரணம் அதுவே. பேரலைக் கழற்ற முடிந்தால், சேம்பருக்குள் தோட்டாவை விரலால் விட்டுப் பாருங்கள். தன் எடையாலேயே தடாலென விழுந்து, திருப்பினால் சுழன்று, கவிழ்த்தால் வெளியே விழ வேண்டும். விழாத தோட்டா எந்தத் துப்பாக்கிக்கும் உதவாது. வீட்டில் மறுநிரப்பு செய்பவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இது: குண்டைச் செருகுவதற்காக விரித்த உறைவாயை மீண்டும் முழுமையாக நேராக்காவிட்டால் தோட்டா கடைசிக் கட்டத்தில் நிற்கும். அதே நேரத்தில், 9 மிமீ தோட்டா சேம்பரில் தன் வாய்விளிம்பின் மீதே நிற்பதால், அளவுக்கு மீறி நெரித்தாலும் தோட்டா உள்ளே ஆழ்ந்து, பிரைமரைக் குத்தும் ஃபயரிங் பின் எட்டாமல் போகும்.

ஒருமுறை வேறு துப்பாக்கியில் சுட்ட உறைகளில் அடிப்பகுதி உப்பியிருக்கக் கூடும். அளவுநேர்த்தி செய்யும் அச்சு அந்த அடிப்பகுதி வரை எட்டுவதில்லை. தொழிற்சாலைத் தோட்டா தடையின்றி ஏறி, மறுநிரப்புத் தோட்டா மட்டும் நின்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

தொழிற்சாலைத் தோட்டாவும் நின்றால் சேம்பரைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். புளோபேக் முறையில், அழுத்தம் இருக்கும்போதே உறை நகரத் தொடங்குவதால் கரி சேம்பருக்குள்ளும் போல்ட்டின் முகத்திலும் விரைவாகப் படிகிறது. உறையைப் பற்றிப் பிடிக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியில் படியும் கரியைக் குச்சியால் சுரண்டி எடுக்க வேண்டும். உறையின் விளிம்பு அதற்குள் வழுக்கி ஏற வேண்டியிருப்பதால், அங்கே படியும் மெல்லிய படலமே போல்ட்டை நிறுத்தப் போதுமானது. இவையெல்லாம் முடிந்த பின்னரே, போல்ட்டை முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்கலாம். 1985 முதல் 1999 வரை தயாரான மார்லின் கேம்ப் கார்பைன்களைப் போன்ற பழைய துப்பாக்கி என்றால் மட்டும் ஸ்பிரிங்கையும் பிளாஸ்டிக் பஃபரையும் முதலிலேயே பாருங்கள். அவற்றில் பஃபர் காலப்போக்கில் நொறுங்கிவிடுவது நன்கு அறியப்பட்டது.

வெற்று உறை வெளியேறவில்லை

புளோபேக் துப்பாக்கியில் உறையைப் பின்னுக்குத் தள்ளுவது வாயு அழுத்தமே. எக்ஸ்ட்ராக்டர் பெரும்பாலும் உறையைப் போல்ட்டின் முகத்தோடு பிடித்து, அதைத் தட்டி வெளியேற்றும் எஜெக்டரில் மோதும் வரை நேராக வைத்திருக்கிறது. ஆகவே உறை சேம்பரிலேயே தங்கினால் சேம்பரின் அழுக்கையும், உறை சேம்பரைவிட்டு வந்தும் வெளியேறும் வாசலில் குறுக்கே சிக்கினால் எக்ஸ்ட்ராக்டரையும் எஜெக்டரையும் முதலில் பார்க்க வேண்டும். டம்மி தோட்டாவைக் கொக்கியில் மாட்டிப் போல்ட்டை மெல்ல அசைத்தால் தோட்டா தொங்கியபடி நிற்க வேண்டும். உடனே விழுந்தால் கொக்கி தேய்ந்துவிட்டது அல்லது அதன் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. நிலையாகப் பொருத்தப்பட்ட எஜெக்டரின் முனை மழுங்கியிருந்தாலோ வளைந்திருந்தாலோ உறைகள் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு திசையில் விழும்.

பிரைமரில் மெலிதான குத்து

போல்ட் முழுமையாக மூடாமல், ஃபயரிங் பின்னை அடிக்கும் ஹேமர் விழுவது பொதுவான காரணம். மேலே சொன்னவற்றைச் சரிபார்த்தால் இதுவும் தீரும். கனமான போல்ட் முன்னே மோதி நூலளவு துள்ளிப் பின்வாங்கும்போது ஹேமர் விழுவது இன்னொன்று. உள்ளே நகரும் எடையுள்ள பஃபர் இந்தத் துள்ளலை அடக்குகிறது.  ட்ரிகரை இலகுவாக்க மெல்லிய ஹேமர் ஸ்பிரிங் பொருத்தியிருந்தால், பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் பொருத்திப் பாருங்கள். ஃபயரிங் பின்னின் குழாயில் எண்ணெய் தேங்கியிருந்தால் துடைத்து உலர்த்துங்கள்.

கடைசித் தோட்டாவுக்குப் பின் போல்ட் திறந்து நிற்கவில்லை

உங்கள் துப்பாக்கியில் அந்த வசதி உண்டா என்பதை முதலில் கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். உண்டு என்றால், மேகசின் ஸ்பிரிங்கும், ஃபாலோயர் தூக்கும் நெம்புகோலும் பார்க்க வேண்டியவை. ஏஆர் வடிவக் கார்பைன்களில், போல்ட்டைத் திறந்து நிறுத்தும் போல்ட் கேட்ச் உடைந்தே போனால் போல்ட் தேவைக்கு மேல் பின்னே ஓடி, வேகமெடுத்துத் திரும்பி அதை அடிக்கிறது. பஃபர் குழாயினுள் உரிய ஸ்பேசரோ நீளமான பஃபரோ அந்த ஓட்டத்தைக் குறைக்கும்.

நெம்புகோல் கார்பைன்கள்

ரிவால்வர் தோட்டாவையே பயன்படுத்தும் நெம்புகோல் கார்பைன்கள் 1873 வின்செஸ்டர் காலத்திலிருந்து தொடர்பவை. இவற்றில் தோட்டாவின் நீளமே பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணம். .357 மேக்னம் துப்பாக்கியில் .38 ஸ்பெஷலைப் பயன்படுத்தலாம் என்றாலும், மிகக் குட்டையான குண்டு செருகியவற்றை, தோட்டாவைச் சேம்பருக்கு உயர்த்தும் தூக்குதட்டு ஒழுங்காக ஏந்துவதில்லை. .38-ஐ நிறையச் சுட்ட பின் அதன் குட்டை உறைவாய் நின்ற இடத்தில் கரிவளையம் ஒன்று உருவாகி, நீளமான .357 தோட்டாவை நிறுத்திவிடும். சேம்பர் பிரஷ்ஷால் தேய்த்தால் போகும். ஒரே நேரத்தில் இரண்டு தோட்டாக்கள் வெளிவந்து நெம்புகோல் இறுகினால் தூக்குதட்டு தேய்ந்திருக்கலாம். வலுக்கொண்டு நெம்பாமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

உடனே சுடுவதை நிறுத்த வேண்டிய நிலைகள்

வழக்கத்தை விட ஓசை மெலிந்து, உதைப்பும் குறைந்து ஒரு தோட்டா சுடப்பட்டால், குண்டு பேரலிலேயே தங்கியிருக்கக் கூடும். நீண்ட பேரலில் அது வெளியிலிருந்து தெரியாது. போல்ட்டைக் கையால் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றிச் சுட்டால் பேரல் வெடிக்கும். துப்பாக்கியைக் காலி செய்து, தூய்மைக்கம்பியைச் செலுத்திப் பேரல் திறந்திருக்கிறது என்று உறுதி செய்த பின்னரே மேலே செல்ல வேண்டும். உறையின் அடி உப்பியோ கிழிந்தோ வந்தாலும், பிரைமர் கழன்று விழுந்தாலும், வாசல் வழியே முகத்தில் வாயு அடித்தாலும், ஒரே இழுப்பில் இரண்டு தோட்டாக்கள் சுடப்பட்டாலும், அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. இவற்றை மேசையில் அமர்ந்து சரிசெய்ய முயலக் கூடாது.

உரிமம் பெற்ற ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொண்டு செல்லும்போது துப்பாக்கியை மட்டும் கொடுப்பதால் பயன் குறைவு. சிக்கிய மேகசினை அதன் எண்ணோடும், தடம் விழுந்த தோட்டாவையும், பொறுக்கிய உறைகளையும், தோட்டா வந்த பெட்டியையும் சேர்த்துக் கொடுங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தொகுதி எண், பழுது துப்பாக்கியினுடையதா அந்தத் தொகுதியினுடையதா என்பதைத் தீர்மானிக்க அவருக்கு உதவும்.